சூழ்நிலையும் சுபாவமும்

‘அவன் சுபாவமே அப்படி’ என்னும் சொற்றொடரை நாம் நாள்தோறும் எத்தனை முறை வழங்குகிறோம்! பேருந்தில் ஒருவர் முண்டியடித்து ஏறினால் அவர் சுபாவம் அப்படி. அலுவலகத்தில் ஒருவர் முகங்கொடுத்துப் பேசாவிட்டால் அவர் சுபாவம் அப்படி. அண்டை வீட்டார் நம் இல்லத்து விசேஷத்திற்கு வாராதிருந்தால் அந்த ஊர்க்காரர்களின் சுபாவமே அப்படி. ஆனால் நாமே ஒரு நாள் முண்டியடித்து ஏற நேர்ந்தால், ‘என்ன செய்வது, மணி ஒன்பதரை ஆகிவிட்டது, அடுத்த வண்டி எப்போது வருமோ?’ என்று சமாதானம் கூறிக்கொள்கிறோம். பிறர் செயலுக்குக் காரணம் அவருடைய குணம். நம் செயலுக்குக் காரணம் நம் நிலைமை. இந்த இரட்டை அளவுகோல் மனிதரிடையே மிகப் பரவலாகக் காணப்படுவது. பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நம் போன்றோர்க்கு, இதனால் விளையும் மனக்கசப்பு மற்றவர்களுக்கு விளைவதைக் காட்டிலும் சற்று அதிகமே எனலாம். ஆகவே மனிதனுடைய நடத்தையில் சமுதாயச் சூழ்நிலைக்கு உள்ள பங்கு என்ன என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

மத்திய அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, இப்பொருளை விளக்க ஓர் உவமை எளிதில் கிட்டுகிறது. ‘படி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வாசலில் அது ஏறும் படி. அரிசிக் கடையில் அளக்கும் படி. தந்தை மகனை நோக்கிக் கூறும்போது அது கட்டளை. கோப்பில் அது கடிதத்தின் நகல். மாதக் கடைசியிலோ நாம் ஆவலோடு நோக்கும் பஞ்சப்படி. சொல் ஒன்றே, அதன் முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள் பொருளை மாற்றுகின்றன. வாக்கியத்தைப் பாராமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவன் தவறு செய்வான். அங்ஙனமே, ஒருவர் நின்ற இடத்தைப் பாராமல் அவர் செயலை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுபவரும் தவறு செய்கிறார். அதற்காக ‘படி’ என்னும் சொல் எந்த வாக்கியத்திலும் ‘குதிரை’ என்று பொருள்படாது. சொல்லுக்கும் தனக்கென ஓர் இயல்பு உண்டு. மனிதனும் அப்படியே.

ஜெர்மனியில் பணியாற்றி, 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த கர்ட் லெவின் என்னும் மனோதத்துவ அறிஞர் 1936-ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு சூத்திரமாக வகுத்தார். மனிதனின் நடத்தை என்பது அம்மனிதனும் அவனுடைய சூழலும் சேர்ந்து விளைவிக்கும் பயன் என்பதே அச்சூத்திரத்தின் கருத்து. தம் சொந்த நாட்டிலேயே யூதராகப் பிறந்த காரணத்தால் வாழ முடியாமற்போன ஒருவர் சூழ்நிலையின் வலிமையைச் சிந்தித்ததில் வியப்பில்லை.

தலைநகரில் ஒரு மனத்தாங்கல்

நம் நண்பர் ஒருவர் தஞ்சை மாவட்டத்திலிருந்து டில்லிக்கு மாற்றலாகி வந்தார். பண்பாளர், தமிழில் பேசும்போது தம்மிடம் வேலை பார்க்கும் சிற்றாளையும் ‘நீங்கள்’ என்றே அழைப்பவர். அவருடைய வீட்டுக்காரர் ஒரு முதிய பஞ்சாபியர். ஆறு மாதம் கழித்து அம்முதியவர் நம்மிடம் வருத்தத்தோடு, ‘உங்கள் பக்கத்தில் பெரியவர்களை மதிக்கும் வழக்கம் இல்லையா?’ என்று வினவினார். நாம் திகைத்துப் போனோம். விசாரித்தபோது உண்மை விளங்கிற்று. நம் நண்பர் இந்தியைப் புத்தகத்தில் கற்றவரல்லர். பேருந்து நடத்துநரிடமும் காய்கறி வண்டிக்காரரிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றவர். அங்கே புழங்கிய ‘தும்’ என்னும் சொல்லே அவர் நாவில் படிந்திருந்தது. முதியவர்களை ‘ஆப்’ என்று அழைக்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அதே சமயம் நண்பர், ‘வீட்டுக்காரர் நான் வணங்கினாலும் முகம் திருப்பிக்கொள்கிறார், இந்த ஊர்க்காரர்களே கடுமையானவர்கள்’ என்று நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் மரியாதையற்றவர் என்றும் மற்றவர் கடுமையானவர் என்றும் தீர்ப்பாகிவிட்டது. உண்மையில் இருவர் சுபாவத்திலும் குற்றமில்லை. சந்தையில் கற்ற ஒரு சொல்லே இத்தனைக்கும் காரணம். சொல் திருந்தியதும் இருவரும் மாலை வேளைகளில் ஒருங்கே தேநீர் அருந்தலாயினர்.

பிறர் செயலுக்குச் சூழ்நிலையை விட்டுச் சுபாவத்தையே காரணமாகக் காட்டும் இப்பிழைக்கு, அமெரிக்க அறிஞர் லீ ராஸ் 1977-ஆம் ஆண்டில் ஒரு தனிப்பெயரே சூட்டினார். காரணம் கற்பிப்பதில் நிகழும் அடிப்படைப் பிழை என்று அதனைத் தமிழில் கூறலாம். இப்பிழை எல்லா நாட்டினரிடமும் ஒரே அளவில் உள்ளதா என்னும் கேள்வியும் எழுந்தது. ஜோன் மில்லர் என்னும் பெண்மணி அமெரிக்காவின் சிகாகோ நகரத்து மக்களையும் நம் மைசூர் மக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1984-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். தமக்குத் தெரிந்த ஒருவர் செய்த நற்செயலையோ தீச்செயலையோ கூறி, அதற்குக் காரணமும் கூறுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். சிகாகோவில் வயது வந்தோர் பெரும்பாலும் செய்தவரின் குணத்தைக் காரணமாகக் கூறினர். மைசூரில் வயது வந்தோரோ உறவு, கடமை, நேர்ந்த நிலைமை ஆகியவற்றையே மிகுதியாகக் கூறினர். இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இரு நாட்டுச் சிறு குழந்தைகளிடம் இவ்வேற்றுமை அதிகம் காணப்படவில்லை. வயது ஏற ஏறத்தான் விரிந்தது. அதாவது, பிறரை எவ்வாறு எடைபோடுவது என்பதைக்கூட நாம் வளரும் சமுதாயமே நமக்குக் கற்றுக்கொடுக்கிறது.

விரைவு என்னும் சூழ்நிலை

இனி நமக்கே நேர்ந்த ஒரு சம்பவத்தைக் கூறுவோம். அதனைக் கூற நமக்கு இன்றும் நாணமாகவே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலக் காலை. டில்லியில் பனிமூட்டம் கலையாத நேரம். பத்து மணிக்கு மேலதிகாரியிடம் சேர்க்க வேண்டிய மொழிபெயர்ப்பு நம் பையில் இருந்தது. பேருந்து நிறுத்தத்திற்குச் சற்று முன்னால், நடைபாதை ஓரத்தில் கம்பளி போர்த்திய ஒருவர் சாய்ந்து கிடந்தார். நமக்கு முன் சென்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தனர். நாமும் பார்த்தோம். ‘குடித்துவிட்டுக் கிடக்கிறார் போலும்’ என்று எண்ணிக்கொண்டோம், வண்டி வந்தது, ஏறிவிட்டோம். மாலையில் அங்குள்ள தேநீர்க் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, அவர் வலிப்பு நோய் கண்டு விழுந்த ஒரு கட்டடத் தொழிலாளி என்பது. வேர்க்கடலை விற்கும் ஒருவர் தம் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றாராம். நல்ல வேளையாக அவர் பிழைத்துக்கொண்டார்.

நாம் கல்நெஞ்சர் என்று நம்மை எண்ணியதில்லை. பின் ஏன் நடந்து போனோம்? இக்கேள்வி நம்மை நெடுநாள் வருத்திற்று. இதற்கு விடையாக அமையக்கூடிய ஓர் ஆராய்ச்சியைப் பின்னர் படிக்க நேர்ந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து, ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்னும் இருவர் நடத்திய சோதனை அது. 1973-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாணவர் சிலரிடம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய விவிலியக் கதையைக் குறித்துப் பேசுமாறு சொல்லப்பட்டது; சிலரிடம் வேலை வாய்ப்புகளைக் குறித்துப் பேசுமாறு சொல்லப்பட்டது. பேச வேண்டிய இடம் அடுத்த கட்டடம். சிலரிடம் ‘நேரம் கடந்துவிட்டது, விரைந்து செல்லுங்கள்’ என்றும், சிலரிடம் ‘நேரம் சரியாக இருக்கிறது’ என்றும், சிலரிடம் ‘இன்னும் சில நிமிஷங்கள் உள்ளன’ என்றும் கூறினர். போகும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் சுருண்டு கிடந்தார்; அவர் ஆராய்ச்சியாளர் ஏற்பாடு செய்த ஆள்.

முடிவு யாது? அவகாசம் உள்ளவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவ முன்வந்தனர். நேரம் சரியாக இருந்தவர்களில் 45 பேர். விரைந்தவர்களிலோ 10 பேரே. சமாரியன் கதையைப் பேசப் போனவர்களா, வேறொன்றைப் பேசப் போனவர்களா என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கருணையைக் குறித்துப் பேசச் சென்ற சிலர், துன்புற்றுக் கிடந்தவரைத் தாண்டியே சென்றனர். அவர்கள் தீயவர்களா? அல்லர். விரைவு அவர்களுடைய கண்ணை மறைத்துவிட்டது; அல்லது, தமக்காகக் காத்திருப்பவருக்கு ஆற்ற வேண்டிய கடமையும் வழியில் கிடந்தவருக்கு ஆற்ற வேண்டிய கடமையும் மோதியபோது முன்னது வென்றுவிட்டது.

பலர் கூடிய இடத்தில் பொறுப்பு

விரைவு மட்டுமன்று, கூட்டமும் ஒரு சூழ்நிலையே. டார்லி அவர்களும் பிப் லட்டானே என்பவரும் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்ந்து ஒலிபெருக்கி வழியாக உரையாடினர். நடுவில் ஒருவர் வலிப்பு வந்ததுபோல் திணறுவது கேட்டது. தாம் ஒருவரே அதனைக் கேட்பதாக நம்பியவர்களில், அவர் குரல் ஓய்வதற்குள் உதவி தேடிப் புறப்பட்டோர் நூற்றுக்கு 85 பேர். தம்மைத் தவிர இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களிலோ 31 பேர்தாம். சுமையைப் பலர் பகிர்ந்தால் ஒவ்வொருவர் தோளிலும் பாரம் குறைவதுபோல, பொறுப்பும் பலரிடையே பங்கிடப்பட்டு ஒவ்வொருவர் நெஞ்சிலும் இலேசாகி விடுகிறது. அன்றியும், என்ன நிகழ்கிறதென்று தெரியாத நேரத்தில் நாம் பிறர் முகத்தைப் பார்க்கிறோம். அவர்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். எவரும் அசையாததைக் கண்டு, ஒன்றுமில்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறோம். அன்று நடைபாதையில் நமக்கு நேர்ந்தது இதுவே.

எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. 1964-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் கிட்டி ஜெனோவீஸ் என்னும் இளம்பெண் கொலையுண்டபோது, 38 பேர் கண்டும் வாளாவிருந்தனர் என்று செய்தி வெளியாயிற்று. அச்செய்தி மிகைபடக் கூறப்பட்டது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மேலும், 2019-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன், லங்காஸ்டர் ஆகிய நகரங்களின் தெருக்களில் கண்காணிப்புக் காமிராக்கள் பதிவு செய்த 219 சச்சரவுகள் ஆராயப்பட்டன. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது சச்சரவுகளில் வழிப்போக்கர் ஒருவரேனும் குறுக்கிட்டு அடக்க முயன்றிருந்தார். ஆகவே கூட்டம் என்றாலே கல்மனம் என்று கொள்வது தவறு. நிலைமை தெளிவாகத் தெரியுமிடத்து மனிதர் உதவுகின்றனர். ஐயமும் அச்சமும் உள்ளவிடத்துத் தயங்குகின்றனர்.

அச்சம் என்றோம். நம் நாட்டில் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் போலீஸ் விசாரணை, நீதிமன்றச் சாட்சி என்று அலைய நேரும் என்பது நெடுங்காலமாக மக்களிடம் வேரூன்றிய பயம். சேவ்லைஃப் அறக்கட்டளை 2013-ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு 74 பேர் உதவத் தயங்குவதாகத் தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கூறிய காரணம் இந்தச் சட்டத் தொல்லையே. இது இந்தியரின் சுபாவம் என்று சொல்லிக் கைவிட்டிருக்கலாம், அவ்வாறு விடப்படவில்லை. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி சட்ட வலிமை அளித்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அப்பாதுகாப்பைச் சட்டத்திலேயே சேர்த்தது. நல்லெண்ணத்தோடு உதவியவரை அவர் விருப்பமின்றிப் பெயர் கூறவோ, சாட்சியாகவோ கட்டாயப்படுத்த இயலாது. மக்களை இரக்கமுள்ளவராகுங்கள் என்று உபதேசிப்பதைக் காட்டிலும், இரக்கத்தைத் தடுத்துநின்ற முள்வேலியை அகற்றுவதே உரிய வழி என்பதற்கு இதுவே சான்று.

ஒரு குரலின் வலிமை

கூட்டத்தினரோடு ஒத்துப்போக வேண்டும் என்னும் விருப்பம் நம் கண் காண்பதையும் மறுக்கச் செய்யும். அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பவர் 1951 முதல் 1956 வரை வெளியிட்ட சோதனைகள் புகழ்பெற்றவை. ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமான கோடு மற்ற மூன்றில் எது என்று கேட்டார். குழந்தையும் சொல்லக்கூடிய விடை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றையோர் அனைவரும் முன்னேற்பாட்டின்படி ஒருமித்துத் தவறான விடை கூறினர். அந்த ஒருவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அத்தவற்றையே தாமும் கூறினார். ஆயினும் நான்கில் ஒரு பங்கினர் ஒருமுறைகூட இணங்கவில்லை. இன்னுமொரு செய்தி: அக்கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடை கூறியவுடன், மற்றவர் இணங்குவது பெருமளவு குறைந்துவிட்டது. ‘நாம் ஒருவர் சொல்லி என்ன ஆகப்போகிறது?’ என்று வாளாவிருப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் ஒருவர் சொல்வதனால், இரண்டாமவருக்குச் சொல்லும் துணிவு பிறக்கிறது.

கூட்டுறவின் வலிமையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ‘பெரியாரைத் துணைக்கோடல்’, ‘சிற்றினம் சேராமை’ என இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருப்பதே போதும்.

நம் நாட்டு ஆராய்ச்சிகள்

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்திகள். நம் நாட்டில் நிகழ்ந்தவை நம் நெஞ்சை இன்னும் நெருங்குவன. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பெண்மணிகள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 600-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி காணச் சொன்னார்கள். சரியாகக் கண்டதற்கேற்பச் சன்மானமும் உண்டு. உயர்சாதி எனப்படும் வகுப்புச் சிறுவர்களும், தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்களும் சாதி அறிவிக்கப்படாதபோது ஏறத்தாழச் சமமாகவே திறமை காட்டினர். ஒவ்வொருவர் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்துவிட்டுத் தொடங்கியபோதோ, தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்களின் திறமை வெகுவாகக் குறைந்துவிட்டது. அதே சிறுவர்கள், அதே தாள், அதே எழுதுகோல். மாறியது ஓர் அறிவிப்பு மட்டுமே. 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவைப் படித்தபின், ‘அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது’ என்று எவரேனும் கூறக் கேட்டால் நம் மனம் நடுங்குகிறது. வராதது படிப்பா, அல்லது வரவிடாதது நம் பார்வையா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்காளத்துப் பீர்பூம் மாவட்டத்தில் இதன் விளைவை எஸ்தர் டஃப்லோ, ரகபேந்திர சட்டோபாத்தியாய், ரோகிணி பாண்டே முதலிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். ஒரே சொற்பொழிவை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினர். பெண் தலைவரைக் கண்டிராத கிராமங்களில், பெண் குரலில் கேட்ட ஆண்கள் அப்பேச்சாளரின் திறமையைக் குறைத்தே மதிப்பிட்டனர். பெண் தலைமையைக் கண்டு பழகிய கிராமங்களில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. தலைவர் ஆணாயிருப்பதே தமக்கு விருப்பம் என்று அவர்கள் கூறுவது அங்கும் மாறிவிடவில்லை. ஆயினும் பெண்ணால் இயலாது என்னும் எண்ணம் தளர்ந்தது.

பின்னர் 495 கிராமங்களில் 11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் கேட்டறிந்து, 2012-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். இரண்டு தேர்தல் காலங்களில் பெண் தலைமை வாய்த்த கிராமங்களில், எதிர்காலத்தைப் பற்றிய ஆசைகளில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு பெற்றோரிடம் நூற்றுக்கு 20 பங்கும், பிள்ளைகளிடம் 32 பங்கும் குறைந்திருந்தது. கல்வியில் இருந்த இடைவெளி அறவே நீங்கியது. பெண் குழந்தைகள் வீட்டு வேலையில் கழிக்கும் நேரமும் குறைந்தது. இளம்பெண்களுக்கு அங்கே புதிய வேலைவாய்ப்புகள் தோன்றிவிட்டதாகத் தெரியவில்லை. ஆகவே, கண்ணெதிரே ஒரு பெண்மணி தலைமை தாங்குவதைக் கண்டதே இதற்குக் காரணம் என்று அறிஞர்கள் கருதினர்.

வெறுமனே பலரை ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. மாட் லோ என்பவர் 2017-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் பல சாதி இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் பந்தயங்கள் நடத்தி ஆராய்ந்தார். யார் எந்த அணி என்பது சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலாக முடிவு செய்யப்பட்டது. பிற சாதி இளைஞர்களோடு ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரணியினராக அவர்களைச் சந்தித்தவர்களிடையேயோ அது வளரவில்லை. பெரும்பாலும் குறையவே செய்தது. அருகிலிருப்பது வேறு, ஒரு காரியத்தில் தோள் கொடுப்பது வேறு.

சூழ்நிலை சாக்காகுமா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். எல்லாம் சூழ்நிலையின் விளைவு என்றால், தவறு செய்தவரைத் தண்டிப்பது எப்படி? நல்லவரைப் புகழ்வதுதான் எப்படி? நியாயமான கேள்வி. அதற்கு விடை, மேலே கூறிய சோதனைகளிலேயே இருக்கிறது. விரைந்து சென்ற மாணவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பேர் நின்றனர். ஆஷ் அவர்களின் அறையிலும் நான்கில் ஒருவர் அசையவில்லை. அன்று நடைபாதையில் பிழைப்பை விட்டு ஒரு வேர்க்கடலை வியாபாரி நின்றார். சூழ்நிலை சாய்வான தரை போன்றது. அதில் உருண்டோடுவது எளிது, நிற்பது அரிது. ஆயினும் நிற்பது இயலாததன்று.

சூழ்நிலையின் வலிமையைக் காட்டுவதாகக் கூறப்பட்டவை யாவும் சோதனைக்குத் தாங்குவனவும் அல்ல. 1971-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபர்டு பல்கலைக் கழகத்தில் மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கச் செய்த சோதனை, இரு வாரம் நடைபெற வேண்டியது, 6 நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. காவலர் உடை தரித்தாலே நல்லவனும் கொடியவனாகிவிடுவான் என்று அதனைக் கொண்டு நெடுங்காலம் போதிக்கப்பட்டது. கடுமையாக நடந்துகொள்ளுமாறு காவலர்கள் தூண்டப்பட்டனர் என்பது பின்னர் ஆவணங்களால் வெளிப்பட்டது. ஆகவே, உடை கட்டளையிட்டது, நான் செய்தேன் என்று எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

சூழ்நிலையை அறிவதன் பயன் வேறு. பிறரைத் தீர்ப்பிடும்போது அது நமக்குப் பொறுமையைத் தருகிறது. நம்மைத் திருத்திக்கொள்ளும்போது அது நமக்கு வழியைக் காட்டுகிறது.

வேற்று மாநிலத்தில் வாழும் நாம்

பிறந்த ஊரில் சமையலறைப் பக்கமே எட்டிப் பாராத இளைஞர், மும்பையிலோ கொல்கத்தாவிலோ நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கும்போது சாம்பார் வைக்கக் கற்றுக்கொள்கிறார். அந்நியரிடம் வாய் திறவாத பெண்மணி, டில்லிக் காய்கறிச் சந்தையில் சரளமாகப் பேரம் பேசுகிறார். அதே இளைஞரும் அதே பெண்மணியும் விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் பழைய வழக்கத்திற்கே திரும்பிவிடுவதையும் காண்கிறோம். ‘சுபாவம் மாறாது’ என்று கூறுவோருக்கு நம் வாழ்க்கையே மறுமொழி.

இங்குள்ளவர்கள் நம் அனைவரையும் ஒரே பெயரிட்டு அழைத்து, ஒரே குணம் உடையவராகக் கருதும்போது நம் மனம் புண்படுகிறது. அங்ஙனமாயின், அவர்களைக் குறித்து ‘இந்த ஊர்க்காரர்களே இப்படி’ என்று நாம் கூறுவதை நிறுத்த வேண்டாமா? அதனினும் முக்கியமாக, பிழைப்புத் தேடி அண்மையில் வந்து, நகரின் ஓரத்துக் குடிசைகளில் வாழும் நம் தமிழ்த் தொழிலாளர்களைக் குறித்து, நிலையான உத்தியோகத்தில் உள்ள நம்மிற் சிலர் இழிவாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். தண்ணீர்க் குழாய் முன் அவர்கள் போடும் சண்டையைச் சுபாவம் என்கிறோம். ஒரு குழாயை நூறு குடும்பங்கள் நம்பியிருக்கும் நிலையில் நாம் அமைதியாக நிற்போமா என்பதை நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை சில உண்டு. புதிதாக வருபவருக்கு ‘தும்’ என்பதற்கும் ‘ஆப்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை முதல் வாரமே நாம் சொல்லிக் கொடுக்கலாம். நம் சங்கங்களின் விழாக்களுக்கு அண்டை வீட்டாரைப் பார்வையாளராக மட்டும் அழைக்காமல், பந்தி பரிமாறவும் பந்தல் கட்டவும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ஓரணியில் ஆடியவர்களிடையேதான் நட்பு வளர்ந்தது என்பதைக் கண்டோம். குழந்தைகளிடம் ‘உனக்குக் கணக்கு வராது’ என்று பிறர் முன்னிலையில் கூறுவதை விட்டொழிக்கலாம். தெருவில் ஒருவர் விழுந்து கிடந்தால், கூட்டத்தைப் பொதுவாக அழைக்காமல், ‘நீலச் சட்டை போட்ட ஐயா, நீங்கள் 112-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்’ என்று ஒருவரைச் சுட்டி அழைக்கலாம். சிதறிய பொறுப்பு அப்போது ஓரிடத்தில் சேரும்.

நம்மைப் பொறுத்த வரையில், அந்தக் குளிர்காலக் காலைக்குப் பிறகு ‘இனிக் கருணையோடு இருப்போம்’ என்று சங்கற்பம் ஏதும் செய்துகொள்ளவில்லை. கருணையைக் குறித்துப் பேசச் சென்ற மாணவர்களுக்கே அது போதவில்லையே! வீட்டிலிருந்து அரைமணி முன்னதாகப் புறப்படும் வழக்கத்தை மட்டும் மேற்கொண்டோம். இவ்வாண்டுகளில் மும்முறை வழியில் நிற்க நேர்ந்தது, மும்முறையும் நின்றோம். நம் சுபாவம் உயர்ந்துவிட்டதாக நாம் எண்ணவில்லை. கையில் அரைமணி நேரம் இருந்தது, அவ்வளவுதான்.